ஒரு மனசா வரட்டும்

அவர் தம் வாழ்நாளில் யாரிடமும் 'முடியாது' என்று சொன்னவர் அல்லர். இதை இப்போது நான் புகழ்ச்சியாக மட்டும் எழுதவில்லை. ஆனால் நெடுங்காலம் நாங்கள் எல்லோரும் இதைப் புகழ்ச்சியாகவே சொல்லிவந்தோம். அவருடைய இரங்கற் கூட்டத்திலும் சொன்னோம். அங்கே அதைச் சொன்னவன் நானே.

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக் கடைத்தெருவில் அவருக்கு ஒரு பாத்திரக் கடை இருந்தது. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து இங்கே வேரூன்றிய எங்கள் குடும்பங்களில் பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரம் எடுப்பதென்றால் முதலில் அவர் கடைக்குத்தான் போவார்கள். போகிறவர்களில் பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள் என்பதும் ஊரறிந்த விஷயம். கணவர் வெண்கல உருளியைக் காட்டுவார். மனைவி எவர்சில்வர் அண்டாவைக் காட்டுவாள். வேறு எந்த வியாபாரியும் இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருப்பார். இவரோ இரண்டையும் துணியால் துடைத்து மீண்டும் பரணில் ஏற்றிவிடுவார்.

"ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய் ஒரு சாயையக் குடிச்சிட்டு நிதானமாப் பேசுங்க. ஒரு மனசா வாங்க. பாத்திரம் எங்க ஓடியா போகுது?"

போனவர்கள் இரண்டு கடை தள்ளி எதையோ வாங்கி ஆட்டோவில் ஏற்றுவதை அவர் தம் கல்லாவிலிருந்தே பார்ப்பார். முகம் வாடாது. "பாத்தீங்களா சாரே, ஒரு மனசா வந்துட்டாங்க" என்பார் என்னிடம், உண்மையான திருப்தியோடு.

நான் கல்லூரியில் வரலாறு கற்பித்தவன் என்பதால் அவருக்கு நான் 'சார்'. என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்கு அவர் 'அண்ணாச்சி'. குள்ளமான உருவம். நெற்றியில் மெல்லிய சந்தனக் கீற்று. மழை இல்லாத நாளிலும் கையில் ஒரு கறுப்புக் குடை. நாம் பேசும்போது தலையைச் சற்று வலப்புறம் சாய்த்துக் கேட்பார். நாம் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே அந்தத் தலை ஆமோதித்து ஆடத் தொடங்கிவிடும். அந்த ஆட்டத்தில் பாசாங்கு இல்லை. எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் அதிலுள்ள நியாயம் அவருக்கு உடனே தெரிந்துவிடும். அடுத்து வருபவர் நேர் எதிராகச் சொன்னால் அதிலுள்ள நியாயமும் தெரிந்துவிடும்.

ஒருமுறை சென்னைக்குப் போகும் உறவினர் ஒருவரை ரயிலேற்றிவிட்டு, தம்பானூரில் ஓர் ஓட்டலில் நாங்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்தோம். ஒருவர் பூரி என்றார், ஒருவர் தோசை என்றார், எனக்கு இட்லி போதும் என்றேன். பரிமாறுபவர் எழுதிக்கொண்டு நகரப் பார்த்தார். அண்ணாச்சி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருங்க தம்பி. நாங்க இன்னும் தீருமானிக்கல்ல."

"தீருமானிச்சாச்சே அண்ணாச்சி. ஆளுக்கொண்ணு சொல்லியாச்சு."

"ஆளுக்கொண்ணு திங்குறதுக்கு எதுக்கு ஒரே மேசையில உட்காரணும்?"

கடைசியில் எல்லோரும் தோசை தின்றோம், தோசை வேண்டும் என்று சொன்னவர் உட்பட யாருக்கும் அது சுவைக்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தோம். அந்தக் காலத்தில் அது சிரிக்கக்கூடிய விஷயமாக இருந்தது.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் சமுதாயச் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு கல்யாண மண்டபம் உண்டு. அண்ணாச்சி அந்தச் சங்கத்தின் செயலாளர். ஒருபோதும் தேர்தலில் நின்று வென்றவர் அல்லர். எதிர்த்து ஒருவர் பெயர் கொடுத்தாலும் விலகிவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொரு முறையும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். சங்கத்தில் புதுமையை விரும்பியவர் யார் என்று கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்வோம். பழையதைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள்மீது அவருக்கு இரக்கம் உண்டு, மதிப்பு இல்லை. எந்த மாற்றத்தை யார் கொண்டுவந்தாலும் முதல் கை அவருடையதாகவே உயரும்.

எங்கள் இளைஞர்கள் பலருக்குத் தமிழ் பேசவரும், படிக்க வராது, பள்ளிக்கூடம் மலையாளம். சங்கத்தின் அறிவிப்புகளை மலையாளத்திலும் அனுப்புங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். "பின்ன! கட்டாயம் வேணும்லா" என்று அண்ணாச்சி எழுந்து நின்று வரவேற்றார். பெரியவர்கள் மனம் கோணாமல் செய்வோம், கொஞ்சம் போகட்டும் என்றார். அதற்கென்று ஒரு வாட்ஸ்ஆப் குழு தொடங்கப்பட்டது. அதில் காலை வணக்கங்களும் கோயில் படங்களும் வந்துகொண்டே இருந்தன. எல்லோரும் சம்மதிக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். இளைஞர்கள் சண்டை போடவில்லை. வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் தமிழில் அச்சிட்டுக் கொடுத்த அறிக்கையைப் படிக்க முடியாதவர் ஒருவர்கூட அங்கே இல்லை. எதிர்ப்பின்றி அது நிறைவேறியது.

இனி டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவரை எல்லோரும் டீச்சர் என்றே அழைத்தோம். அரசுப் பள்ளியில் கணக்கு கற்பித்தவர். மகள் வித்யா சிறு பிள்ளையாக இருக்கும்போதே கணவர் மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு அந்த வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதிலிருந்து மகளை எஞ்சினியரிங் படிக்கவைத்தது வரை எல்லாம் டீச்சர்தான். வித்யாவுக்கு நாகர்கோவிலில் நல்ல இடம் அமைந்தது. ஒரு சாயங்காலம், நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது டீச்சர் வந்தார்.

"அண்ணாச்சி, மண்டபத்துக்கு நாள் சொல்லியாச்சு. இன்னொரு காரியமும் சொல்லணும். மேடையில வித்யாவை நான்தான் கைபிடிச்சுக் குடுப்பேன்."

எங்கள் வழக்கத்தை இந்த இடத்தில் விளக்க வேண்டும். தந்தை, மகளின் கையைப் பிடித்து மணமகன் கையில் வைக்க வேண்டும். தாய் அருகில் நிற்க வேண்டும். தந்தை இல்லையென்றால் சித்தப்பாவோ பெரியப்பாவோ தம் மனைவியோடு அதைச் செய்வார். கணவனை இழந்த தாய் மேடை ஏறுவதில்லை. ஏறக்கூடாது என்று எங்கும் எழுதிவைக்கவில்லை, யாரும் சொல்வதும் இல்லை. "கலவறைக்குப் பொறுப்பான ஆள் வேண்டாமா?" என்று மட்டும் கேட்பார்கள். கலவறை என்பது சமையற்கட்டை ஒட்டிய சாமான் அறை. அரிசியும் தேங்காயும் வாழையிலைக் கட்டுகளும் அங்கே இருக்கும். அதன் சாவியைக் கணவனை இழந்த அந்தத் தாயிடம் மரியாதையாகக் கொடுப்பார்கள். முகூர்த்த நேரத்தில் அவள் தேங்காய்க் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதை விலக்கிவைப்பது என்று யாரும் நினைத்ததில்லை. பொறுப்பு என்றுதான் பெயர்.

அண்ணாச்சியின் தலை ஆடத் தொடங்கிவிட்டது. கண்கள்கூடக் கலங்கின.

"எனக்கு நூத்துக்கு நூறு சம்மதம் டீச்சர். இது எப்பவோ நடந்திருக்கணும். நம்ம ஆளுகளுக்கு வெக்கமில்லாமப் போச்சு. எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருவோம்."

"எதுக்குக் கேக்கணும்? அப்படி ஒரு விதியே இல்லையே."

"விதி இல்ல. அதனாலதான் கேக்கணும். விதின்னா மாத்திட்டுப் போயிரலாம். இது மனசுல்லா!"

"நான் அனுமதி கேட்டு வரல்ல அண்ணாச்சி. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"அதேதான். நீங்க சொல்லியாச்சு. இனி நான் கேட்டுக்கிடுதேன். எல்லாரும் ஒரு மனசா வரட்டும். அன்னைக்கு உங்களைப் பாத்து ஒரு முகம்கூடச் சுளிக்கப்படாது. அதுக்கு நான் உத்திரவாதம்."

டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்கு ஆட்சேபம் இல்லை என்று நான் அங்கேயே தெளிவாகச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

ஆடி மாதத்துக் கர்க்கடக மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்கள் அவை. அண்ணாச்சி குடையை விரித்துக்கொண்டு வீடு வீடாக இறங்கினார். மணக்காட்டுப் பக்கமும் கிள்ளிப்பாலத்துப் பக்கமும் நானும் அவரோடு போனேன். வேட்டியின் கீழ்ப்பாதி நனைந்து காலில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பொருட்படுத்தாமல் அவர் ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றி, குடையை மடக்கி உதறி, உள்ளே போய் உட்கார்ந்து, நலம் விசாரித்து, பிறகே விஷயத்துக்கு வருவார். அவ்வளவு அழகாக, அவ்வளவு பணிவாகக் கேட்டார். அந்த அழகுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அரிசி மண்டிக்காரர் வீட்டில் முதலில் இதை உணர்ந்தேன். பருத்த மனிதர், எதிலும் கருத்தில்லாதவர், தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் மேடை ஏறியிருந்தால் அவர் பந்தியில் இரண்டாவது பாயசத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் செயலாளரும் பேராசிரியரும் மழையில் நனைந்து வந்து தம் அபிப்பிராயத்தைக் கேட்டது அவரை நிமிர்ந்து உட்காரவைத்தது. தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"நீரு வந்து கேட்டதே பெரிய மரியாதைவே. கேட்டதுனால சொல்லுதேன். எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா நாளைக்கு எல்லாரும் ஏறணும்னு நின்னா என்ன செய்வீரு? அதை யோசிச்சீரா?"

அண்ணாச்சியின் தலை ஆடியது. "அதுவும் நியாயம்தான்" என்றார்.

அடுத்த வீட்டில் ஓர் இளைஞர். கழக்கூட்டத்து ஐ.டி. வளாகத்தில் கம்ப்யூட்டர் வேலை. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "எனிக்கு ஒரு பிரஷ்னமும் இல்ல மாமா. இதெல்லாம் இந்தக் காலத்துல ஒரு விஷயமா? டீச்சர் ஏறட்டும். பட்சே, அம்மாகிட்ட ஒண்ணு கேட்டுருங்க. அம்மாவுக்கு விஷமம் ஆயிரும், மனசு கஷ்டப்படும்." அம்மாவைக் கேட்டோம். தமக்கு ஒன்றுமில்லை என்றும், தம் நாத்தனார் ஏதாவது சொல்வார் என்றும் அந்த அம்மாள் சொன்னார். நாத்தனாரும் தமக்கு ஒன்றுமில்லை என்றார். இப்படி ஒன்றுமில்லாதவர்களின் வீடுகளாகவே ஏறி இறங்கினோம். ஒவ்வொருவரும் இன்னொருவருக்காகப் பயந்தார்கள். அந்த இன்னொருவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று கடைசிவரை தெரியவில்லை.

வெளிப்படையாக மறுத்தவர் ஒரே ஒருவர். வலியசாலைக்கு அருகே ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்த அம்மாள், அவரும் கணவரை இழந்தவர். அண்ணாச்சி அவரிடம் மிகுந்த நம்பிக்கையோடு போனார். அந்த அம்மாள் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"என் மக கல்யாணத்துல நான் எங்க இருந்தேன்னு தெரியுமா? கலவறைல. தாலி கட்டுற நேரம் வெள்ளரிக்காய் எண்ணிக்கிட்டிருந்தேன். சாவியைக் கொண்டுவந்து என் கையில தந்தது நீங்கதான். அன்னைக்கு யார்கிட்டயாவது கேட்டியளா? இவளுக்குக் கேக்க வந்திருக்கிய. இவ கழுத்துல என்ன, ரெண்டு தலையா?"

படியிறங்கும்போது அண்ணாச்சி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மழை வலுத்ததால் ஒரு பூட்டிய கடையின் முன் ஒதுங்கி நின்றோம். அவர் முகத்தைப் பார்த்து, இனி கேட்க வேண்டாம் அண்ணாச்சி, டீச்சர் பாட்டுக்கு ஏறட்டும் என்றேன். அப்போதுதான் அவர் தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார்.

அவர் இளைஞராக இருந்தபோது சங்கம் இரண்டாகப் பிரிந்திருந்தது. மண்டபத்துக் கிணற்றைத் தூர்ப்பதா வேண்டாமா என்பதில் தொடங்கிய தகராறு. தூர்க்கலாம் என்று முதலில் சொன்னவர் அவருடைய தகப்பனார். நல்ல யோசனைதான்; அதில் பிள்ளைகள் விழுந்த கதை உண்டு. வாக்கெடுப்பு நடத்தித் தூர்த்தும்விட்டார். அதோடு பாதிக் குடும்பங்கள் அந்த வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்தின. தகப்பனார் இறந்தபோதும் அவர்கள் வரவில்லை.

"பாடையத் தூக்க நம்ம ஆளு பத்தல்ல சாரே. நான் ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம். கம்போளத்துல மூட்டை தூக்குறவங்க ரெண்டு பேரு தலையில கட்டுன துண்டோட வந்து தோள் குடுத்தாங்க. எதிர் வீட்டு மாமா ஜன்னலைச் சாத்துனாரு. நான் பாத்தேன். அப்பா சொன்னது சரிதான். ஆனா சரியாச் சொல்லி என்ன கிடைச்சுது?"

குடையின் நுனியிலிருந்து நீர் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.  சமூக மாற்றத்தைப் பற்றி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் வகுப்பெடுத்தவன் நான். மாற்றத்தை உந்துபவர்கள், தடுப்பவர்கள் என்று கரும்பலகையின் நடுவே கோடு கிழித்து இரு பக்கமும் எழுதிப்போடுவேன். பிளவுக்குப் பயந்து நனைந்துகொண்டு நிற்கும் இந்த நல்ல மனிதரை அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் எழுதுவது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக அவர் செய்ததுதான் காரியத்தை முடித்தது. மாப்பிள்ளை வீட்டாரும் ஒரு மனதாக இருக்க வேண்டும் அல்லவா? நாகர்கோவிலுக்குத் தொலைபேசியில் பேசினார். அவர்களுக்கு அதுவரை அப்படி ஒரு விஷயமே தெரியாது. கேட்கப்பட்டவுடன் அவர்களுக்குள் பேசினார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தி, அபசகுனம் என்ற சொல்லைப் பயன்படுத்தாமல், எங்கள் வீட்டில் இது முதல் நல்ல காரியம் பாருங்கள், எதற்கு வம்பு என்று சொல்லியனுப்பினாள்.

அண்ணாச்சி இதைச் சொல்ல டீச்சர் வீட்டுக்குப் போனபோது நானும் இருந்தேன். டீச்சர் கத்தவில்லை. வகுப்பில் தவறாகக் கணக்குப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார்.

"அவங்ககிட்ட ஏன் கேட்டிய அண்ணாச்சி? நான் பாட்டுக்கு ஏறி நின்னிருந்தா அவங்க கவனிச்சிருக்கக்கூட மாட்டாங்க. கவனிச்சாலும், தாலி கட்டுற நேரத்துல யாரு என்ன சொல்லிருப்பா?"

"நாளைக்கு வித்யாவை அவங்க ஒரு சொல்லு சொல்லிரப்படாதுன்னுதான் டீச்சர்..."

அறைக்குள்ளிருந்து வித்யா வந்தாள். "அம்மா, மண்டபமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ரெஜிஸ்டர் ஆபீஸுக்குப் போலாம். நீ சாட்சிக் கையெழுத்துப் போடு. போதும்."

"மேடையில ஏறணும்னுதான் நான் கேட்டேன் மோளே. மேடையே வேண்டாம்னு கேக்கல்ல" என்றார் டீச்சர். "நாலு பேரு பாக்க உன் கையைப் பிடிச்சுக் குடுக்கணும். அதுக்குத்தான். ஆபீஸ்ல யாரு பாப்பா?"

அந்தக் கல்யாணம் குறித்த நாளில், குறித்த மண்டபத்தில் நடந்தது. நாகர்கோவிலிலிருந்து வந்த சித்தப்பாவும் சித்தியும் வித்யாவைக் கைபிடித்துக் கொடுத்தார்கள். அவர்கள் அவளைப் பார்த்தே பல வருஷங்கள் ஆகியிருந்தன. கெட்டிமேளம் முடிந்ததும் அண்ணாச்சி என்னை இழுத்துக்கொண்டு கலவறைக்குப் போனார். டீச்சர் பட்டுப் புடவையில், இலைக்கட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சாவிக்கொத்து மடியில் இருந்தது. மேடைக்கென்று எடுத்த புடவை அது. அந்த அறையில் அதன் சரிகை பொருத்தமில்லாமல் மின்னியது.

"மனசு விட்றாதீங்க டீச்சர்" என்றார் அண்ணாச்சி. அவர் குரல் உண்மையாகவே உடைந்திருந்தது. "முக்கால்வாசிப் பேரு வந்துட்டாங்க. இன்னும் கொஞ்சம் போகட்டும். அடுத்த தடவை..."

"எனக்கு இன்னொரு மக இல்லையே அண்ணாச்சி."

டீச்சர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், தேங்காய் போதாது என்று சொல்வதைப்போல. அண்ணாச்சியின் தலை, பழக்கத்தால், ஆமோதித்து ஆடியது. பிறகு அவருக்கே தெரிந்து நின்றது.

அதற்குப் பிறகும் அவர் சில ஆண்டுகள் செயலாளராக இருந்தார். டீச்சர் கேட்டது மறக்கப்படவில்லை. ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் அவரே அதை நினைவூட்டுவார், எல்லோரும் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்வார். இடையில் தம் மூத்த மகளின் கல்யாணத்தையும் அந்த மண்டபத்திலேயே நடத்தினார். அவரும் மதினியும் மேடையில் நின்றார்கள். அண்ணாச்சியின் மனைவியை நான் மதினி என்பேன். அதிகம் பேசாத பெண்மணி. கணவர் சொல்லும்போது அவருடைய தலையும் கூடவே ஆடும்.

ஒரு காலை, கடை திறக்கப் போகும் வழியில், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பியவர் அப்படியே சரிந்தார். இறுதி ஊர்வலத்துக்கு எங்கள் ஆட்கள் ஒரு வீடு மிச்சமில்லாமல் வந்திருந்தார்கள். பாடைக்குத் தோள் கொடுக்கப் போட்டி நடந்தது. அவர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அவருக்குப் பிறகு செயலாளராக வந்தவர், அன்று அம்மாவிடம் கேட்கச் சொன்ன அதே கம்ப்யூட்டர் இளைஞர். இப்போது அவருக்கும் தலையில் நரை. முதல் கூட்டத்திலேயே எழுந்து, கணவரை இழந்த தாய்மார்கள் மேடை ஏறலாம் என்று சங்கம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றார். "யாருக்காவது ஆட்சேபம் உண்டோ? இல்ல. பாஸ்." சாயை வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அரிசி மண்டிக்காரரும் கை தூக்கினார். வெளியே வரும்போது, அன்று எதிர்த்தீர்களே என்று நான் கேட்டேன். அவர் உண்மையாகவே திகைத்தார்.

"நான் எப்ப எதிர்த்தேன் சாரே? அண்ணாச்சி வந்து கேட்டாரு. ஒரு அபிப்பிராயம் சொன்னேன். அவ்வளவுதான்."

சென்ற தை மாதம் அண்ணாச்சியின் இளைய மகள் ரேவதிக்குக் கல்யாணம். மண்டபத்து மேடையில், மணவறைக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலியில் அண்ணாச்சியின் படத்தை மாலையிட்டு வைத்திருந்தார்கள். தலையை வலப்புறம் சாய்த்த, நன்கு தெரிந்த அந்த முகம். முகூர்த்தம் நெருங்கியது. புரோகிதர் பெண்ணின் தாயாரை அழைக்கச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டாரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. ரேவதி மேடையிலிருந்து என்னைப் பார்த்து, "அம்மா எங்க மாமா?" என்று உதட்டை அசைத்தாள். நான் தேடிப் போனேன்.

மதினி கலவறையில் இருந்தார். யாரும் சாவியைக் கொடுக்கவில்லை. அவரே கேட்டு வாங்கியிருந்தார். எனக்கு முன்பே டீச்சர் அங்கே வந்து நின்றிருந்தார். டீச்சருக்கு இப்போது முழங்கால் வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க மதினி. நேரமாச்சு. பிள்ளை தேடுது."

"இல்ல டீச்சர். இங்க ஆளு வேணும்லா."

"இங்க நான் இருக்கேன். நீங்க ஏறுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தீருமானம் போட்டாச்சே."

"யாரும் ஒண்ணும் சொல்லலதான். அதான் எனக்கு..." மதினி தேங்காய் ஒன்றை எடுத்து, நாரைப் பிய்த்தார். "அவிய இருந்தா ஒரு வார்த்தை எல்லார்கிட்டயும் கேட்டிருப்பாவ. எல்லாரும் மனசு வந்துதான் கை தூக்குனாவளா, என்னமோ! யாரு மனசுல என்ன இருக்கோ? கேக்காம நான் எப்படி ஏற?"

"அவங்க கேட்டுத்தான் நான் ஏறாமப் போனேன், மதினி."

மதினி நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் கையை நீட்டினார். அந்தக் கை சற்று நேரம் நீண்டபடியே இருந்தது. மதினி அதைத் தம் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

நான் வேகமாக வெளியே வந்து புதிய செயலாளரைப் பிடித்தேன். நீங்கள் போய்ச் சொல்லுங்கள், உங்கள் சொல்லைக் கேட்பார்கள், கொஞ்சம் வற்புறுத்திக் கூட்டி வாருங்கள் என்றேன். அவர் மணியைப் பார்த்தார். நல்ல மனிதர், முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"நிர்பந்திக்கண்டா சாரே. பாவம், அவங்களுக்கு மனசு வரட்டும். கொஞ்சம் போகட்டும்."

அவர் சித்தப்பா முறையில் ஒருவரை அழைத்துவர ஆளனுப்பினார். நான் கலவறை வாசலுக்குத் திரும்பினேன். டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மதினியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தார். இருவரும் கையை விடவில்லை. கெட்டிமேளம் எழுந்தது. அங்கிருந்து பார்த்தால் மேடையில் மணமக்கள் தெரியவில்லை. நாற்காலியிலிருந்த படம் மட்டும் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் சம்மதித்து, தலையைச் சாய்த்து, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.